கடைசி நாற்காலியிலிருந்து

கிரேஸ் டீச்சரிடம் வேலை பார்ப்பது சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவருக்குப் பக்கத்து மேசையில் உதவித் தலைமை ஆசிரியராக உட்கார்ந்து பார்த்தவன் நான். பாடம் கணக்கு. எனக்கு எதுவும் ஒன்றில் தொடங்கி வரிசையாக மேலே போக வேண்டும். அவருக்கோ எல்லாம் கடைசியில்தான் தொடங்க வேண்டும். இப்படிப்பட்ட இரண்டு பேரை ஒரே அறையில் போட்டு வைத்தது கல்வித் துறை எங்கள் இருவரோடும் விளையாடிய விளையாட்டு.

எங்கள் பள்ளி காஞ்சிபுரத்திலிருந்து மாகறல் போகிற வழியில், பாலாற்றுப் பாலம் தாண்டி இருக்கிறது. அரசு உயர்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஒரு பக்கம் பட்டு நெய்கிறவர்களின் தெரு, இன்னொரு பக்கம் காலனி, நடுவில் வயல்காரர்களின் வீடுகள். மூன்று பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே மணிச் சத்தத்துக்கு ஓடி வருவார்கள். பதவி உயர்வில் தலைமை ஆசிரியையாக இங்கே வந்தவர் கிரேஸ் டீச்சர். ஒல்லியான உடம்பு, உரத்த சிரிப்பு, கையில் எப்போதும் ஒரு மஞ்சள் டிபன் பாக்ஸ்.

வந்த முதல் நாளே வகுப்பு வகுப்பாகப் போய் வருகைப் பதிவை அவரே கூப்பிட்டார். எங்கள் பதிவேட்டில் முதலில் பையன்கள் பெயர், அதற்குப் பிறகு பெண்கள் பெயர், எல்லாம் அகர வரிசை. டீச்சர் அடியிலிருந்து ஆரம்பித்தார். எட்டாம் வகுப்பில் ஸ்ரீமதி என்ற பெண், பிறந்ததிலிருந்து முதல் முறையாகத் தன் பெயர் முதலில் வந்த அதிர்ச்சியில் வாயைத் திறக்கவே இல்லை. வகுப்பே சிரித்தது. அதன் பிறகு எல்லா வகுப்பிலும் அடியிலிருந்துதான் கூப்பிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. எனக்கு நாக்கு பழகவே ஒரு மாதம் ஆனது.

அது வெறும் தொடக்கம். அடுத்த வாரம் வகுப்புகளில் ஆசிரியர் மேசையைத் தூக்கிக் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் போடச் சொன்னார். கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பி நடந்து போய், இத்தனை நாள் ஒளிந்துகொண்டிருந்தவர்களுக்கு நடுவில்தான் உட்கார வேண்டும். ஆசிரியர் கூட்டத்தில் வேலைக்குப் புதிதாக வந்தவர் முதலில் பேச வேண்டும், அவர் கடைசியில் பேசுவார். தீபாவளிக்கு முந்தின நாள் லீவு யாருக்கு என்றால் அதுவும் புதியவருக்கே. அந்த வருடம் நான் வேகாத வெயிலில் ஆளில்லாத வகுப்பில் உட்கார்ந்து பின்னங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன், என் பெண்டாட்டி வீட்டில் தனியாக அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு டீச்சர் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

மதியச் சாப்பாட்டு வரிசைதான் எல்லாவற்றையும்விட வேடிக்கை. பெரிய பையன்கள் முண்டியடித்துக்கொண்டு முன்னால் நிற்பார்கள், ஆறாம் வகுப்புப் பொடிசுகள் வாலில் தொங்கும். முட்டை போடுகிற நாளில் சண்டை நிச்சயம். டீச்சர் வந்து பார்த்தார். "எல்லாரும் திரும்பி நில்லுங்கப்பா," என்றார். சோற்றுக் குண்டானை வரிசையின் வால் பக்கம் கொண்டு போய் வைத்தார்கள். வால் தலையாகிவிட்டது.

"டீச்சர், இது கணக்குக்கு ஒத்து வராது. நாளைலருந்து எல்லாரும் கடைசில நிக்கறதுக்குப் போட்டி போடுவாங்க," என்று எச்சரித்தேன்.

அப்படியேதான் நடந்தது. மறுநாள் மணி அடித்ததும் ஒருத்தனும் வரிசையில் நிற்கவில்லை. "நீ போடா," "நீ போடா" என்று ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டு மைதானத்தையே சுற்றி வந்தார்கள். சாம்பார் ஆறிப் போனது. நான் வெற்றிக் களிப்போடு டீச்சரைப் பார்த்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். "நீங்களே ஒரு வழி சொல்லுங்க," என்று பிள்ளைகளிடமே விட்டார். அவர்கள் கூடிப் பேசி ஒரு திருத்தம் கொண்டு வந்தார்கள். வால் பக்கத்திலிருந்துதான் பரிமாற வேண்டும். ஆனால் யாருக்காவது ஏதாவது கிடைக்காமல் போனால், மறுநாள் அவருக்குத்தான் முதல். அன்றிலிருந்து முண்டியடிப்பும் இல்லை, உபசாரமும் இல்லை. ஒத்து வராது என்று நான் சொன்ன கணக்கு ஒத்து வந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

எம்.எட். பரீட்சையில் எனக்கு ஒரு கேள்வி வந்தது: கல்வி நிர்வாகத்தில் தனிமனிதத் தத்துவத்தின் பங்கு. நாலு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். என்ன எழுதினேன் என்று இப்போது ஒரு வரிகூட நினைவில்லை. தத்துவம் என்பது புடவை கட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸோடு பஸ்ஸில் வந்து இறங்கி, நம் லீவில் கை வைக்கும் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டேன். "ஏன் டீச்சர், எல்லாத்தையும் தலைகீழாவே பண்றீங்க?"

டிபன் பாக்ஸைத் திறந்தபடியே பதில் சொன்னார். அவருடைய அப்பா தேவசகாயம், மாகறல் பக்கத்தில் மற்றவர்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவர். நிலக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் இவர்களும் போவார்கள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, மாட்டுக் கொட்டகைப் பக்கம் இவர்களுக்கு இலை போடுவார்களாம்.

"அதுக்குள்ள சாம்பார் தீந்து போயிருக்கும் சார். ரசம்தான் வரும். எனக்கு ரசம்னா உயிரு. வேற எது மேல உயிர வைக்கறது, சொல்லுங்க," என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "ஒரு நாளாவது இந்தப் பக்கத்துலருந்து ஆரம்பிச்சா என்னன்னு சின்னப் புள்ளைல நெனச்சுக்கினே உட்காந்திருப்பேன். யாரும் ஆரம்பிக்கல. வேலைக்கு வந்தேனா, சரி, நம்மளே ஆரம்பிச்சுடுவோம்னு ஆரம்பிச்சுட்டேன். அவ்ளோதான். பெருசா ஒண்ணும் இல்ல."

அதற்கு மேல் நான் தீபாவளி லீவைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது ஜீவிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு. காலனிப் பெண். அம்மா செங்கல் சூளைக்குப் போகிறவர். கணக்கில் நான் ஒரு வழி சொல்லிக்கொடுத்தால் அவள் இன்னொரு வழியில் போட்டுக் காட்டி என் முகத்தைப் பார்ப்பாள், அப்படி ஒரு பிள்ளை. ஆனால் எங்கள் பள்ளியில் பத்தோடு சரி. பிளஸ் ஒன் படிக்கக் காஞ்சிபுரம் டவுனுக்குப் போக வேண்டும். பஸ் காலையில் பிதுங்கி வழியும், சாயந்திரம் எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. ஒவ்வொரு வருடமும் பெண்களில் பாதிப் பேர் அந்த பஸ்ஸோடு படிப்பை முடித்துக்கொள்வார்கள். ஜீவிதாவின் அம்மாவும் முடிவாகச் சொல்லிவிட்டார்: "இங்கயே இருந்தா படிக்கட்டும் டீச்சர். டவுனுக்கு அனுப்ப மாட்டேன்."

பள்ளியை மேல்நிலைப் பள்ளியாக உயர்த்தக் கேட்டு டீச்சர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். எல்லாம் கூடி வந்தது. இடம்தான் பற்றாக்குறை. பள்ளிச் சுவரை ஒட்டி ஒரு மனை காலியாகக் கிடந்தது. நாங்கள் எல்லோரும் அதைத் தணிகாசலம் மனை என்போம். அது கிடைத்தால் வரப்போகிற ஜூனிலேயே பிளஸ் ஒன். கிடைக்காவிட்டால் ஜீவிதாவும் அவளோடு படிக்கிற பெண்களும் வீட்டோடு நிற்க வேண்டியதுதான்.

தணிகாசலம் ஊரில் பெரிய கை. விவசாயக் குடும்பம், முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர், இப்போது மனை வியாபாரம். கெட்டவர் இல்லை. பள்ளிக்கு மேடைக் கொட்டகை கட்டிக்கொடுத்தவரே அவர்தான். நாங்கள் இரண்டு பேரும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி கிருஷ்ணவேணி அம்மா காபி கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போனார். தணிகாசலம் நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"குடுத்துடலாம் டீச்சர். புள்ளைங்க படிப்புக்குத்தான. ஆண்டு விழா வருது இல்ல, மேடைலயே அறிவிச்சுடறேன். மரியாதை மட்டும் மொறையா இருக்கட்டும். ஊரே பாத்துக்கினு இருக்கும்."

மரியாதை என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் சின்ன காஞ்சிபுரத்துக்காரன். பெருமாள் கோயிலில் தீர்த்தம் யாருக்கு முதலில், சடாரி யாருக்கு முதலில் என்பதெல்லாம் எங்கள் தெருவில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். தணிகாசலம் ஊர்க் கோயிலிலும் அப்படித்தான். திருவிழாவில் தலையில் கட்டுகிற பட்டுப் பரிவட்டம் முதலில் அவருக்கு, பிறகுதான் மற்றவர்களுக்கு. அவர் கேட்டதும் அதைத்தான். மேடையில் முதல் சால்வை அவருக்கு.

வெளியே வந்ததும் டீச்சர் முகம் வாடிப் போயிருந்தது. எங்கள் பள்ளி விழாவில் மரியாதை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கும் என்று ஊருக்கே தெரியும். போன வருடம் முதல் சால்வை, பள்ளியைப் பெருக்கித் துடைக்கிற ரேணுகாம்பாளுக்குப் போனது. வந்திருந்த விருந்தினர் பாவம், சாமியாரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், ஒரு நாள் கூத்து. ஒரே ஒரு சால்வை," என்றேன். "அதுக்காகப் பிளஸ் ஒன்ன விட்டுடப் போறீங்களா?"

பஸ் வந்தது, ஏறினோம், பாலம் தாண்டினோம். பிறகு, "சரி சார். ஜீவிதாவுக்காக. நீங்களே எல்லாம் பாத்துக்கோங்க," என்றார். குரலில் சிரிப்பே இல்லை. எனக்கு ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. இத்தனை வருடம் அவர் தோற்க வேண்டும் என்று நினைத்தவன், தோற்ற பிறகு பார்க்கச் சகிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சால்வைகளை நெசவுத் தெருப் பெற்றோர்களே பட்டில் நெய்து தருவார்கள். கடையில் வாங்கிய சால்வையைப் போட்டால் எங்கள் ஊரில் தலை காட்ட முடியாது. மேடையில் உட்காருகிற விருந்தினர்களுக்கு ஆளுக்கு ஒன்று என்று எண்ணி நெய்தது, ஒன்று கூடுதலாகக் கிடையாது. டீச்சர் தன்னை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வதே இல்லை.

விழாவன்று நான் நாற்காலிகளை என் கையாலேயே போட்டேன். மைக்குக்குப் பக்கத்தில் முதல் நாற்காலி தணிகாசலத்துக்கு. கடைசி நாற்காலி ரேணுகாம்பாளுக்கு. மைக்கில் படிக்க வேண்டியதை எழுதி வைத்தேன். மாலை போடுகிறவர், படம் எடுக்கிறவர், எல்லோரிடமும் இரண்டு தடவை சொன்னேன். மைதானம் நிறைந்து வழிந்தது. கிருஷ்ணவேணி அம்மாவும் வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். சின்னப் பிள்ளைகள் ஆடின ஆட்டத்தில் மேடைக் கொட்டகையே அதிர்ந்தது. தணிகாசலமும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது.

"இப்போது விருந்தினர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் நிகழ்ச்சி," என்று மைக்கில் சொல்லி, மாணவர்களின் கைதட்டல் அடங்கட்டும் என்று நிறுத்தினேன்.

தட்டை ஏந்தி வந்தவள் ஜீவிதா. அவளிடம் நானும் சொல்லவில்லை, டீச்சரும் சொல்லவில்லை. டீச்சர் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன், நான் சொல்லியிருப்பேன் என்று அவர் நினைத்தார். அவள் படியேறி வந்தாள், தணிகாசலத்தை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் தாண்டினாள், நேராக மேடையின் அந்தக் கோடிக்குப் போனாள், ரேணுகாம்பாள் தோளில் பட்டை விரித்துப் போர்த்தினாள்.

கூட்டம் கைதட்டியது. ஜீவிதா ஒவ்வொரு நாற்காலியாக வந்துகொண்டே இருந்தாள். இரண்டாவது நாற்காலியில் இருந்த டீச்சர் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே ஏதோ சொன்னார். "எனக்கு வேணாம்," என்றிருப்பார். அவளுக்கு அது கட்டளையாகவே தெரியவில்லை. அவருக்கும் போர்த்திவிட்டுக் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் காக்கைகள் பறந்தன. பிறகு தணிகாசலத்தின் முன்னால் வந்து நின்று தட்டைப் பார்த்தாள். தட்டு காலி.

ஜீவிதா ஒரு நிமிடம் திகைத்தாள். பிறகு முகம் தெளிந்தது. சாப்பாட்டு வரிசைக்கு அவர்கள் போட்ட சட்டம் இதற்கும் வழி சொல்லியிருக்கிறதே.

"பரவால்ல சார். இன்னிக்கு உங்களுக்குக் கெடைக்கல இல்ல, நாளைக்கு உங்களுக்குத்தான் மொதல்ல," என்றாள். மைக் பக்கத்திலேயே இருந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். அது தொற்றிக்கொண்டு மைதானம் முழுக்கச் சிரிப்பு. டீச்சர் சட்டென்று எழுந்து தன் தோளில் இருந்த சால்வையை எடுத்து நீட்டினார். தணிகாசலம் கையை நீட்டவில்லை.

"போட்டத எடுக்காதீங்க டீச்சர்," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். மனை பற்றிய அறிவிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் நாங்கள் அவர் வீட்டுக்கு நடந்தோம். என்ன சொல்வது என்று நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். டீச்சரோ நடுவழியில் நின்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "நாளைக்கு உங்களுக்குத்தான்னு சொல்லிச்சே சார் அந்தப் பொண்ணு," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீர் முழுக்கச் சிரிப்பால் வந்தது இல்லை என்று எனக்குத் தெரியும். பிளஸ் ஒன் போய்விட்டது என்றே இருவரும் முடிவு கட்டியிருந்தோம்.

தணிகாசலம் கூடத்தில் சோபாவில் இருந்தார். உட்காரச் சொன்னார். டீச்சர் உட்காரவில்லை.

"சார், மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"புள்ளைங்க தெரியாமப் பண்ணிடுச்சுங்க, விடுங்க."

"புள்ளைங்க பண்ணது சரிதான் சார். தப்பு என்து. இந்த வாட்டி உங்களுக்கு மொதல்லன்னு நான் ஒத்துக்கினேன். எடம் வேணும்னு ஒத்துக்கினேன். எடத்துக்காக உங்களுக்கு ஒரு மரியாதை பண்ணா, அது உங்களுக்குப் பண்ண மாதிரி ஆவுமா? மனைக்குப் பண்ண மாதிரிதான ஆவும். அதுக்குத்தான் மன்னிப்பு."

நான் தலையில் கை வைத்துக்கொள்ளாத குறை. இருந்த கொஞ்ச நம்பிக்கைக்கும் இந்த அம்மாள் தண்ணீர் தெளித்துவிட்டாரே என்று நினைத்தேன்.

தணிகாசலம் முகம் சிவந்தது. "நான் ஒண்ணும் சால்வைக்கு அலையறவன் இல்ல டீச்சர். எங்க வீட்டுப் பீரோவத் தொறந்து பாருங்க, ஃபுல்லா சால்வைதான்."

"ஆமா," என்றது உள்ளே இருந்து ஒரு குரல். கிருஷ்ணவேணி அம்மா காபித் தம்ளர்களோடு வந்தார். "என் பொடவைய வைக்கத்தான் எடம் இல்ல. அதுங்கள மடிச்சு மடிச்சு என் கையே ஓஞ்சு போச்சு."

நேற்று மைதானத்தில் முதலில் சிரித்தவர் யார் என்று அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. தணிகாசலம் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ சும்மா இரும்மா."

"சும்மாதான இருந்துக்கினு இருக்கேன், கல்யாணம் ஆன நாள்லருந்து." கிருஷ்ணவேணி அம்மா தம்ளர்களை வைத்தார். குரலில் கோபம் இல்லை, ஒரு துள்ளல்தான் இருந்தது. "ரேணுகாம்பா மூஞ்ச நீ பாத்தியா நேத்து? எப்பிடிப் பாப்ப, உன் கண்ணு தட்டு மேலயே இருந்துச்சு. நான் பாத்தேன். அந்தப் பொண்ணு போத்துனதும் அதுக்கு அழறதா சிரிக்கறதான்னு தெரியல. எனக்கும் தெரியல. இந்த வீட்டுல நான்தான கடைசில சாப்புடறவ. என் பக்கத்துலருந்து யாரு ஆரம்பிச்சாங்க?"

தணிகாசலம் ஒரு தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அதோட இன்னொண்ணு டீச்சர்," என்று டீச்சர் பக்கம் திரும்பினார். "எடம் எடம்னு இவருகிட்டயே வந்து கேட்டுக்கினு இருக்கீங்க. அது எங்க அப்பா எனக்கு எழுதி வச்ச எடம். என் பேர்லதான் இருக்குது. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

நான் தணிகாசலத்தைப் பார்த்தேன். அவர் காபித் தம்ளரைப் பார்த்தார். தன் மனை, தன் மனை என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி, அவருக்கே அது மறந்து போயிருக்க வேண்டும்.

கிரேஸ் டீச்சர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். பளார் என்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, ஆமாம்மா. கடைசிலருந்து ஆரம்பிக்கறவ நானுன்னு பீத்திக்கினு திரிஞ்சேனே. ரெண்டு வாட்டி உங்க கையால காபி குடிச்சிருக்கேன். கேக்கணும்னு தோணவே இல்லியே எனக்கு."

பிறகு புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, பரீட்சை அதிகாரி முன்னால் நிற்கிற மாணவியைப் போல நேராக நின்றார். கண் கலங்கி இருந்தது. "இப்பக் கேக்குறேன். எங்க பொண்ணுங்களுக்கு அந்த எடத்தக் குடுப்பீங்களாம்மா?"

கிருஷ்ணவேணி அம்மா தன்னிடம் கேட்கப்பட்டதை ஒரு நிமிடம் வைத்து ரசிக்கிறார் என்று தோன்றியது. ரசிக்கட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ரசிக்கட்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"பத்தாவதோட என்ன நிறுத்திட்டாங்க டீச்சர். பஸ்ஸு இல்லன்னு," என்றார். "குடுக்கறேன். ஆனா மேடைல எல்லாம் ஏற மாட்டேன். எனக்கு மைக்கு ஆவாது."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே," என்றார் தணிகாசலம், மெதுவாக.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. தலையை ஆட்டிச் சிரித்தார். வெட்கமும் இருந்தது அந்தச் சிரிப்பில். "ரெண்டு பேரும் உட்காருங்க. டிபன் சாப்ட்டுப் போங்க," என்றார். அவரே எழுந்து போய் இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து எங்கள் பக்கத்தில் போட்டார். அது மனைவிக்கு. அந்த அம்மாள் இட்லி வைத்துவிட்டு நின்றபடியே இருந்தார், பழக்கம் அப்படி. டீச்சர்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தார். என் வாழ்க்கையில் நான் சாப்பிட்ட நல்ல காலைச் சாப்பாடுகளில் அதுவும் ஒன்று.

ஜூன் மாதத்தில் பிளஸ் ஒன் தொடங்கியது. கட்டடம் எழும்பும் வரை மேடைக் கொட்டகையில் வகுப்பு. ஜீவிதா கணக்குப் பிரிவில் சேர்ந்து என் பிராணனை வாங்கிக்கொண்டிருக்கிறாள். கிரேஸ் டீச்சர் இன்னும் எல்லாவற்றையும் அடியிலிருந்து ஆரம்பிக்கிறார். இந்தத் தீபாவளிக்கும் எனக்கு லீவு இல்லை என்று இப்போதே தெரிகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதையெல்லாம்விட, அந்த மனையைப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்த காலைதான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.

பதிவு அலுவலகத்தில் நல்ல கூட்டம். எங்கள் முறை வந்ததும், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஊழியர் தணிகாசலத்தின் வெள்ளை வேட்டி சட்டையைப் பார்த்துவிட்டு, கேமராவுக்கு எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். "சார், நீங்க உட்காருங்க."

தணிகாசலம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனார். நாற்காலியின் முதுகில் கை வைத்தவர் அப்படியே நின்றார். திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"எழுதிக் குடுக்கறவங்க அவங்கதான். நான் சாட்சி," என்றார். அலுவலகத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

கிருஷ்ணவேணி அம்மா போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். போட்டோவுக்குச் சிரிக்கக் கூடாது என்று அந்த ஊழியர் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை.